மூணு சாலுக்கு ஒரு டிராக்டர்

சித்திரை முதல் நாள். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. எட்டயபுரம் தாண்டிய சாலையில், அரசாங்க டிராக்டர் ஒன்றின் மட்கார்டு மேல் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு கையில் கம்பி. இன்னொரு கையால் தலையில் வைத்த பிச்சிப்பூ பறந்துவிடாமல் பிடித்திருந்தேன். எஞ்சினின் முன்பக்கம் மாவிலைக் கொத்து, ஹெட்லைட்டுக்குச் சந்தனப்பொட்டு. ஒரு லைட்தான் எரிந்தது. டீசல் நாற்றமும் பூவாசமும் கலந்து மூக்கில் ஏறியது.

டிரைவர் முத்தையா அண்ணாச்சிக்கு மறுவருடம் ரிட்டயர்மென்ட். லீவு நாளில் எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன் என்று கோவில்பட்டியிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"வருசப்பிறப்பும் அதுவுமா ஊர்ல எல்லாரும் கோயிலுக்குப் போறாவ. நம்ம இந்த இரும்புக் கழுதைய ஓட்டிக்கிட்டுப் போறோம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிக்க, அவர் முறைக்க, வண்டி குலுங்க, இந்த லட்சணத்தில்தான் எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு பத்துக்குப் போனால் போகாமலே இருந்திருக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்ற வேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு நான் சுற்றுவது புதிதில்லை.

அண்ணாச்சியின் சீனியாரிட்டி

டிராக்டர், புல்டோசர் எல்லாம் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிற அரசு அலுவலகம் எங்களுடையது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் பென்ஷன் வர வேண்டியிருக்கிறது. நான் அங்கே உதவியாளர். கயத்தாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

முன்னெல்லாம் வண்டி வேண்டுமென்றால் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். வந்தவர் பெஞ்சில் உட்காருவார். காலையில் உட்கார்ந்தவர் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். சிலர் வெள்ளரிப்பிஞ்சு கொண்டு வருவார்கள். எங்களுக்கு அவர்கள் கதை எல்லாம் தெரியும், அவர்களுக்கு எங்கள் கதை எல்லாம் தெரியும்.

யாருக்கு முதலில் வண்டி என்பதற்குச் சட்டப்படி ஒரு சீனியாரிட்டி உண்டு. முத்தையா அண்ணாச்சிக்கு வேறொரு சீனியாரிட்டி உண்டு. எந்த ஊரில் வேப்பமர நிழல் நன்றாக இருக்கிறதோ, எந்த ஊரில் டீயில் சீனி தாராளமாகப் போடுகிறார்களோ, அந்த ஊருக்கு வண்டி முதலில் போய்விடும். கேட்டால் ரோடு சரியில்லை என்பார்.

இந்த லட்சணத்தை எல்லாம் சரிசெய்யத்தான் செயலி வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப் பொறியாளர் ஒருவரும் வந்திருந்தார்.

சென்னைப் பிள்ளை. தங்கமான குணம். எங்களை எல்லாம் மேடம், சார் என்றுதான் கூப்பிடுவார். வந்த புதிதில், மழை பெய்த மறுநாள் வயல் பார்க்கிறேன் என்று ஷூ போட்டுக்கொண்டு கரிசலுக்குள் இறங்கிவிட்டார். போகாதீர்கள் என்றால் கேட்டால்தானே. போகும்போது இருந்த ஷூ வரும்போது இல்லை. இரண்டையும் மண் பிடுங்கிக்கொண்டது. சாக்ஸோடு ஆபீஸ் படியேறினார். நாங்கள் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவரே முதலில் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் ஆள்.

சிவப்புக் கட்டம்

விவசாயி செல்போனிலேயே வண்டி பதியலாம், நாளையும் நேரத்தையும் அவரே குறிக்கலாம். குறைந்தது ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும். முதல் மாதம் பாதி வாடகைதான். இதுதான் செயலி.

திங்கட்கிழமை தோறும் தலைமையிடத்திலிருந்து வீடியோவில் கூட்டம். திரையில் ஊருக்கு ஒரு கட்டம். பதிவு நிறைய இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. எங்கள் கட்டம் சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு.

பங்குனி மாதத்தில் கரிசலில் எவன் உழுவான்? நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோடை மழை ஒன்று விழுந்தால்தான் கலப்பையை எடுப்பார்கள். இதை எங்கள் பொறியாளர் வாராவாரம் எடுத்துச் சொல்வார். விழிப்புணர்வு போதவில்லை என்று மேலதிகாரி வாராவாரம் பதில் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் கெங்கம்மா வந்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஆட்டுக்காரக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. புருஷன் கிடையோடு ராமநாதபுரம் பக்கம் போயிருந்தார். அறுத்த வயல்களில் ராத்திரி ஆடு அடைத்தபடி ஊர் ஊராகப் போகிற பிழைப்பு அது. குட்டி வித்துச் சேர்த்ததில் ரெண்டு ஏக்கர் கரிசல் வாங்கியிருந்தார்கள். உளுந்து போடுகிறார்கள். ஏரும் கிடையாது, மாடும் கிடையாது, டிராக்டரும் கிடையாது.

செயலியில் நிலம் உழத்தான் பதிய வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாள் கேட்டேன். சித்திரை ஒண்ணு என்றாள். நேரம் கேட்டேன். ஆறிலிருந்து ஏழு என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பொன்னேருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. இந்த வருசமாவது வரிசையில நிக்கணும்" என்றாள்.

இந்தப் பக்கத்தைச் சேராதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரை முதல் நாள் காலையில், நல்ல நேரம் பார்த்து, ஊரில் ஏர் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஊர்ப்பொது நிலத்தில் வரிசையாக ஏர் பூட்டுவார்கள். மாடு இருந்த காலத்தில் மாடு, இப்போது டிராக்டர். ஆளுக்கு மூணு சால், அதாவது மூணே மூணு உழவுக் கோடு, உழுது நவதானியம் தெளித்தால் அந்த வருஷத்து வெள்ளாமை தொடங்கியாயிற்று. ஏர் இல்லாத வீட்டுக்காரர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். யாரும் அவர்களை நிற்காதே என்று சொன்னதில்லை. ஆனால் அங்கே ஏர்தான் நிற்கும், ஆள் நிற்க முடியாது. நிலம் வாங்கி மூணு சித்திரை போயும் கெங்கம்மா வீடு ஓரத்தில்தான் நின்றது.

பதிந்து கொடுத்தேன். எங்கள் அலுவலகத்துச் செயலியில் விழுந்த முதல் பதிவு அது. பொறியாளர் எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் டீ சொன்னார்.

ஒற்றைப் பனை

கெங்கம்மா ஊருக்குப் போய்ச் சும்மா இருந்திருக்க மாட்டாள். அவள் சொன்னது ஆட்டுக்காரர்கள் வழியாக ஒரு பக்கமும், கழுகுமலை பஸ் வழியாக இன்னொரு பக்கமும் போயிருக்கிறது. எல்லா ஊரிலும்தான் ஓரத்தில் நிற்கிற வீடுகள் இருக்கின்றனவே. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தால், அடேயப்பா, பதிவு பதிவாக விழுந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே நாள். எல்லாம் ஆறு டூ ஏழு.

பொறியாளர் ஆபீஸ் முழுக்க ஓடினார். திங்கட்கிழமை கூட்டத்தில் எங்கள் கட்டம் பச்சை. கூடவே ஒரு வரைபடம் காட்டினார்கள். மாதம் முழுவதும் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, சித்திரை முதல் நாள் காலையில் மட்டும் பொட்டலில் நிற்கிற ஒற்றைப் பனையாக ஓங்கி நின்றது. மேலதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. மாநிலத்திலேயே இப்படி ஒரு தேவை எங்கும் எழவில்லையாம். பக்கத்து ஊர் அலுவலகங்கள் எல்லாம் கைவசமுள்ள இயந்திரங்களை உடனே கோவில்பட்டிக்கு அனுப்ப வேண்டும், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கிராமத்தில் இதை வீடியோ எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

திரை அணைந்ததும் பொறியாளரைத் தனியாகக் கூப்பிட்டுப் பொன்னேர் என்றால் என்ன என்று விளக்கினேன்.

"ஒரு மணி நேரத்துல எவ்ளோ உழுவாங்க மேடம்?"

"மூணு சால் சார்."

"மூணு ஏக்கரா?"

"மூணு சால். போயிட்டு, வந்து, போறது. பத்து நிமிசம் ஆகாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரையும் வேறு வேறு நேரத்துக்கு மாற்றச் சொல்லிப் போன் போடலாமே என்றார். போட்டேன். ஒன்பது மணி என்றதும் ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர், எங்க ஊர் நல்ல நேரத்தை மாத்த நீங்க யாரு, கலெக்டரே வந்தாலும் முடியாது என்று தொடங்கி, என் சொந்த ஊர் எது என்று விசாரித்து, கயத்தாறு என்றதும், கயத்தாத்துக்காரி ஒங்களுக்கே தெரியலையா என்று கேட்டார். அதற்குமேல் எனக்குப் போனில் பேச வாய் வரவில்லை.

நாற்று நட வந்தவர்கள்

வருஷப்பிறப்புக்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் யார்டுக்குள் இயந்திரங்கள் வந்து இறங்கின. டிராக்டர்கள் வந்தன, பவர் டில்லர்கள் வந்தன. அதுவரைக்கும் சரி. தாமிரபரணிக் கரை அலுவலகத்துக்காரர்கள், கைவசமுள்ளவை எல்லாம் என்ற உத்தரவை அப்படியே எடுத்துக்கொண்டு, லாரியில் நாற்று நடும் இயந்திரத்தை ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

கரிசலுக்கு நாற்று நடும் இயந்திரம்! கூட வந்த ஆள் இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வயல் எந்தப் பக்கம், தண்ணீர் கட்டியாச்சா என்று கேட்டார். முத்தையா அண்ணாச்சி கொஞ்சமும் சிரிக்காமல், தண்ணிக்குச் சொல்லிவிட்டிருக்கு, ஐப்பசியில வரும், அதுவரைக்கும் இங்கன உக்காருங்க என்றார். நான் கொடவுனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அத்தனை வந்தும் ஒரு வண்டி குறைந்தது. எங்கள் நல்ல டிராக்டரை வீடியோவுக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். மீதியைச் செயலியே பங்கு வைத்தது. எந்த ஊர் ரொம்பத் தூரமோ, அதைத் தள்ளி வைத்தது. தள்ளியது கெங்கம்மாவை. 'தங்கள் நேரம் காலை பத்து மணிக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று அவள் போனுக்குக் குறுஞ்செய்தியும் தானாகவே போய்விட்டது. முதலில் பதிந்தவள் என்று அதற்கு யார் சொல்வது?

சாயங்காலத்துக்குள் கெங்கம்மா பஸ் பிடித்து வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. பொறியாளர் எழுந்து நின்றுதான் பேசினார். வண்டி நிச்சயம் வரும், நாலு மணி நேரம்தான் தள்ளிப்போகிறது, வாடகையைக்கூடத் திருப்பித் தரச் சொல்கிறேன் என்று ஏதேதோ சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பத்து மணிக்கு உழுதா அது உழவு சார். அதுக்கு நான் எதுக்கு வாரேன்? வெளிய எத்தனையோ வண்டி கிடக்கு. ஆறு மணிக்கு ஊரோட உழுதாத்தான் பொன்னேரு" என்றாள்.

பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பி யார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கொடவுன் ஓரத்தில் எங்கள் பழைய டிராக்டர் ஒன்று நின்றது. ஏலம் விடச் சொல்லி எழுதி அனுப்பியிருந்தோம், உத்தரவு இன்னும் வரவில்லை.

"உத்தரவு வர்ற வரைக்கும் அதுவும் வண்டிதானே மேடம்?" என்றார்.

எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சென்னைக்காரர் ஒரே வருஷத்தில் அரசாங்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இரவுக்குள் பேட்டரி மாற்றி, கலப்பை பூட்டி, வண்டியை உறுமவைத்தார்கள். ஓட்ட முத்தையா அண்ணாச்சியை விட்டால் ஆள் கிடையாது, அந்த வண்டி வேறு யாருக்கும் மசியாது. அலுவலகத்திலிருந்து ஒருவர் கூடப் போய்ப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் போகிறேன் என்று மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

தள்ளு வண்டி

அப்படித்தான் மட்கார்டில் ஏறினேன். எப்போதும்வென்றானுக்குக் கொஞ்சம் முன்னால், வானம் சாம்பல் பூத்த நேரத்தில், வண்டி ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றுபோனது.

அண்ணாச்சி இறங்கி அதன் குலம் கோத்திரத்தை எல்லாம் இழுத்துத் திட்டினார். டீசல் குழாயை ஊதினார், எதையோ தட்டினார். அசையவில்லை. மணி ஐந்தரை. அந்தப் பக்கமாகப் பால்வண்டி ஒன்று வந்தது. கைகாட்டி நிறுத்தினேன். இறங்கிய இரண்டு பேரும் என் பட்டுச்சேலையையும் மாவிலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கல்யாண வண்டியா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், மாப்பிள்ளை இவர்தான், தள்ளுங்கள் என்றேன். தள்ளினோம். நானும் தள்ளினேன். வண்டி உயிர் பெற்று ஓட, அண்ணாச்சி நிறுத்தப் பயந்து அப்படியே போக, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி ஏறினேன். ஆபீஸ் வேலையில் அப்படி நான் ஓடியது கிடையாது.

யார் வீட்டு ஏர்

ஊர்ப்பொது நிலத்தில் வரிசை நின்றுவிட்டிருந்தது. டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் மாலை. இரண்டு ஜோடி மாடும் வந்திருந்தன, கொம்பில் மஞ்சள் துணி. ஓரத்தில் வழக்கம்போல ஏர் இல்லாத வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் நவதானியப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கெங்கம்மா. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்து அவள் முகம் சுளிக்கவில்லை. மாவிலையைச் சரிசெய்தாள்.

வரிசைக்குள் போக இடம் கேட்டபோது ஊர்ப்பெரியவர் வெங்கிடசாமி முன்னால் வந்தார். கெட்டவர் இல்லை. முறை தெரிந்தவர், முறை தவறினால் ஊருக்கு ஆகாது என்று நிஜமாகவே நம்புகிறவர்.

"வண்டி சர்க்காருது. ஓட்டுத ஆளும் சர்க்காரு ஆளு. இதுல ஓம் வீட்டு ஏரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

ஊரே அவள் வாயைப் பார்த்தது. விதிமுறை என்று ஏதாவது எடுத்துவிடலாமா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

கெங்கம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வாடகை கட்டியாச்சு மாமா. இந்த ஒரு மணி நேரத்துக்கு இது எங்க வீட்டு ஏரு. ஓட்டுத ஆளக் கேக்கீங்களே, ஒங்க வண்டிய நீங்களா ஓட்டுதீய? கழுகுமலைக்காரர்லா ஓட்டுதாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தக் கழுகுமலை டிரைவர்தான். வெங்கிடசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார், வரிசையில் நின்ற மற்ற டிராக்டர்களைப் பார்த்தார். ஒன்றிலாவது சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தால் அதைக் காட்டிக் கேட்டிருப்பார், ஒன்றிலும் இல்லை. அவருக்கே மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கலே" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

வரிசை நகர்ந்தது. எங்கள் கழுதை உள்ளே போய் நின்றது.

சூடம் காட்டியதும் எல்லா வண்டியும் கிளம்பின. கெங்கம்மா மட்கார்டில் ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள். ஆட்டைப் பத்துகிற பழக்கம், "பதா, பதா" என்று தெலுங்கில் டிராக்டரையும் விரட்டினாள். வெடித்த கரிசல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. போய், வந்து, போனார்கள். மூணு சால். பின்னாலேயே தானியத்தைத் தெளித்தாள். நான் புகைப்படம் எடுக்க மறந்துபோனேன்.

மற்ற வண்டிகள் எல்லாம் திரும்பத் தொடங்கின. அண்ணாச்சியும் வளைத்தார். கெங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் நேரம் இருக்குல்லா அண்ணாச்சி?"

இருக்கு என்றார். அவள் ஓரத்தில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பி, வீட்டுப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு தாத்தா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்து ஒரு பொம்பளை வந்தாள், வீட்டுக்குத் தானியம் எடுக்க ஓடினாள் ஒருத்தி. ஒருத்தர் பேரில் பதிந்த வண்டியில் இன்னொருத்தர் உழலாமா என்று அண்ணாச்சி என் காதில் கேட்டார். இந்த ஒரு மணி நேரம் வண்டி அவியளுது, அவிய யாரைக் கூப்பிட்டா நமக்கென்ன என்றேன். வீட்டுக்கு மூணு சால். அந்தக் கிழட்டு வண்டி அன்று ஒரு தரம்கூட நிற்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

ஏழு மணிக்கு அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார்.

ஏர் திரும்பினால், உழுது வந்த ஆண்பிள்ளை மேல் முதலில் ஊர்ப்பெரியவர் மனைவியும் பிறகு அந்த வீட்டுப் பெண்களும் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது முறை. ஊர்ப்பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். டிராக்டரில் உட்கார்ந்து உழுதவர் அண்ணாச்சி. அவர், யூனிபார்ம் யூனிபார்ம் என்று கத்திக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டார். கெங்கம்மா புருஷனோ கிடையில். வெங்கிடசாமியின் மனைவி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்.

"ஏட்டி, யாரு மேல ஊத்த?" என்று கேட்டார்.

கெங்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எம் மேல ஊத்துங்கத்தே."

அந்த ஊரில் அதுவரைக்கும் ஒரு பெண் தலையில் அந்தத் தண்ணீர் விழுந்ததில்லை. அந்த அம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருக்காமல் ஊற்றிவிட்டார். அவ்வளவுதான். அவள் ஏரில் மூணு சால் உழுத வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உழுதது அவள் ஏர் என்றால் அத்தனை வீட்டுத் தண்ணீரும் அவளுக்குத்தானே. மாற்றி மாற்றி ஊற்றினார்கள். கீழே மண் குழைந்து அவள் கணுக்கால் வரைக்கும் ஏறியது. மூச்சுத் திணறியது, கண்ணைத் திறக்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே நின்றாள். ஒரு சுற்று முடிந்து பெண்கள் கை ஓய்ந்தபோது, முகத்தைக்கூடத் துடைக்காமல், "இன்னும் ஊத்துங்க" என்றாள்.